குவாதலூப்பின் மேற்குக் கரையில் பதினைந்து நாட்கள்: நான்கரை லட்சம் ரூபாயில் இருவர் போய்வர இயலுமா?

கெடிலக்கரை, கடலூர்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வரும் பிப்ரவரியில் கரீபியத் தீவான குவாதலூப்புக்குச் சென்று பதினைந்து நாட்கள் தங்கிவர விரும்புகிறோம். கணவர் புதுச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர் என்பதால் அவருக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. நான் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். என்னிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. போன மாதம் எடுத்த சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் சேர்த்து 4,50,000 ரூபாய் வைத்திருக்கிறோம். விமானக் கட்டணம் முதல் வழியில் குடிக்கும் காப்பி வரை அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

ஏன் குவாதலூப் என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் கப்பலேறிப் போய்த் திரும்பி வராத ஓர் உறவினரைப் பற்றி மாமியார் வீட்டில் இன்றும் பேசுவார்கள். பதிவேடுகளைப் புரட்டி அவரைத் தேடும் எண்ணமெல்லாம் எங்களுக்கு இல்லை. அவர் போய்ச் சேர்ந்த மண்ணைப் பார்த்துவிட்டு, மிச்ச நாட்களில் கடலோரம் நடந்து, நீந்தி, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பதுதான் ஆசை.

எங்கள் சந்தேகங்கள் இவை. அவ்வளவு தூரம் போய்விட்டு, அருகிலுள்ள மற்றொரு பிரெஞ்சுத் தீவான மார்தினிக்கையும் பார்க்காமல் திரும்புவது முட்டாள்தனம் என்று கணவர் சொல்கிறார். பணம் தாங்காது என்று நான் சொல்கிறேன். வாடகைக்குக் கார் எடுக்காமல் பேருந்திலேயே சமாளிக்க முடியுமா? நான் மீன் சாப்பிடுவேன், இறைச்சி தொடமாட்டேன் என்பதால் சாப்பாட்டுக்குச் சிரமப்படுவேனா? விசா விவரம் தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.


முத்தியால்பேட்டை இருவர், புதுச்சேரி:

சகோதரி, நாங்கள் 2023 நவம்பர் கடைசியில் போய் டிசம்பர் இரண்டாம் வாரம் திரும்பினோம். பதினான்கு இரவுகள். எங்களுக்கு ஆன செலவு உங்கள் தொகையைவிடச் சற்றுக் குறைவுதான், ஆகையால் முடியும். ஆனால் பிப்ரவரி என்றால் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே மழையில்லாத காலம் அது. பிரான்சில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விடுவதும், தீவில் கார்னவல் திருவிழா நடப்பதும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். பாரிசின் குளிருக்குப் பயந்து வெயில் தேடி வருபவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் விமானம் ஏறுவதால், பயணச்சீட்டும் அறை வாடகையும் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகின்றன. நவம்பர் பிற்பகுதியிலிருந்து கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்குவதற்கு முன் வரையிலான மூன்று வாரங்களும், ஈஸ்டர் விடுமுறை கழிந்த பின் மே மாத இறுதி வரையிலான நாட்களும்தான் கைப்பணம் குறைந்தவர்களுக்கு உரியவை. நவம்பர் என்றதும், 2011-இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலை நினைத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் எப்படியோ அப்படி அவர்களுக்கு ஆகஸ்டும் செப்டம்பரும். நவம்பர் முடிவோடு அவர்களுடைய புயல் காலம் கணக்கில் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு நாள்தோறும் ஒரு பாட்டம் மழை பெய்தது, அரை மணி நேரத்தில் வெயில் வந்துவிட்டது.

மார்தினிக் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். முதலில் குவாதலூப், மார்தினிக், இடையில் தொமினிக்கா என்று மூன்று தீவுகளுக்குத் திட்டம் போட்டு, அறைகளுக்கு முன்பணமும் கட்டினோம். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு தீவு மாற்றத்துக்கும் கப்பல் கட்டணம் மட்டுமல்லாமல், ஒரு முழுப் பகல், புதிதாக ஒரு கார், புதிதாக அரிசி எண்ணெய் உப்பு வாங்கும் செலவு என்று எல்லாம் இரண்டு மடங்காவது புரிந்தது. முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரவேயில்லை. கடைசியில் ஒரே கரையில் தங்கிவிடுவது என்று முடிவு செய்தோம், அதுவே எங்கள் பணத்தைக் காப்பாற்றியது.

வரைபடத்தில் குவாதலூப் ஒரு பட்டாம்பூச்சி போலத் தெரியும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், தட்டையான சுண்ணாம்பு நிலம்; வெள்ளை மணல் கடற்கரைகளும் பெரிய விடுதிகளும் அதன் தென்கரையில் இருக்கின்றன. மேற்குச் சிறகு பாஸ்-தேர், மலையும் காடும். இரண்டுக்கும் நடுவே உப்பாறு என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒடுங்கிய நீர்ப்பாதை ஓடுகிறது. கிழக்கே இருப்பது அட்லாண்டிக். கரீபியக் கடல் என்று உண்மையில் சொல்லத்தக்கது பாஸ்-தேரின் மேற்குப் பக்கம்தான். காற்று மறைவான கரை என்று அங்குள்ளவர்கள் அதைச் சொல்கிறார்கள். மலை காற்றைத் தடுப்பதால் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். மே மாதம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இளவேனில் தொடங்கியதும் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி குவியல் குவியலாக அட்லாண்டிக் பக்கம் ஒதுங்கி அழுகி நாறும், மேற்குக் கரை பெரும்பாலும் அதிலிருந்து தப்பிவிடுகிறது. நம் கடற்கரையில் கடலிலிருந்து எழும் சூரியனைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, அது கடலுக்குள் இறங்குவதை நாள்தோறும் வாசலில் உட்கார்ந்து பார்ப்பதற்கே பதினான்கு நாட்கள் போதவில்லை.

நாங்கள் முதல் ஐந்து இரவுகள் தெஷே என்ற மீனவ ஊருக்கு அருகிலும், மீதி ஒன்பது இரவுகள் புயாந்த் பக்கத்திலும், சமையலறையுடன் கூடிய சிறு வீடுகளில் தங்கினோம். ழீத் என்று கேட்டால் காட்டுவார்கள். ஓர் இரவுக்கு ஏறக்குறைய 55 யூரோ ஆனது. புயாந்த் என்பதற்குக் கொதிப்பது என்று பொருள். நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அந்த ஊரிலேயே இருக்கிறது. பக்கத்தில் ஓரிடத்தில் கடல்நீரும் வெந்நீரும் கலக்க, கட்டணமில்லாமல் குளிக்கலாம். மாலாந்தூரில் மணல் கறுப்பாக இருக்கும். எதிரே புறாத் தீவுகள் என்ற இரு சிறு பாறைத்தீவுகளைச் சுற்றிக் கடல் காப்பகம் இருக்கிறது. அங்கே போக அடியில் கண்ணாடி பதித்த படகுக்குப் பணம் கட்ட வேண்டும்; நாங்கள் கட்டவில்லை. கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே, கடற்புல் மேயும் பச்சை ஆமைகளை நான்கு நாட்கள் தொடர்ந்து பார்த்தோம். நீச்சல் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே வாடகைக்கு எடுத்தால் இரண்டு நாளில் அதன் விலையைக் கொடுத்துவிடுவீர்கள். ஆமையைத் தொடவோ துரத்தவோ கூடாது.

உணவகத்தில் உட்கார்ந்தால் பணம் பறந்துவிடும். பெரும்பாலான பொருட்கள் கப்பலில் வருகின்றன. அவற்றின் மேல் கடல் சுங்கம் என்று ஒரு தனி வரி வேறு உண்டு. விலைவாசியை எதிர்த்து 2009-ஆம் ஆண்டு அந்தத் தீவு 44 நாட்கள் வேலைநிறுத்தத்தில் முடங்கிக் கிடந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அதனால் கப்பலில் வராத பொருட்களைச் சாப்பிடுவது என்று விதி வைத்துக்கொண்டோம். காலையில் படகுத்துறையில் மீன். சந்தையில் வாழைக்காய், பூசணி, சேனையைப் போன்ற கிழங்குகள், சீமைப்பலா. கிறிஸ்தொஃபீன் என்று பெரிய பெயர் சொல்லி ஒரு காயைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நறுக்கினால் அது நம்முடைய சௌசௌ. கூட்டு வைத்துச் சாப்பிட்டோம். நண்பகலில் வெளியே இருந்தால் பொக்கித் என்ற பொரித்த ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே மீன் வைத்துத் தருவார்கள். ஆறேழு யூரோவில் ஒருவருக்கு மதியச் சாப்பாடு முடிந்துவிடும். இருவருக்குமாக நாளொன்றுக்கு 30 யூரோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்.

கார் வேண்டும். இதில் மாற்றுக் கருத்து வரும் என்று தெரியும், இருந்தும் சொல்கிறேன்.


ரெயின்போ நகர் உதவியாளர், புதுச்சேரி:

விசா பற்றி மட்டும் எழுதுகிறேன். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொழில்.

குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம், அங்கே புழங்குவது யூரோ. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரத்தக்க ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்குள், இல்லை. பாரிசுக்குப் போகத் தரும் சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே இறங்க முடியாது. சென்னையிலிருந்து போகும் நீங்கள் பெரும்பாலும் பாரிசின் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கி, நகருக்குத் தெற்கே உள்ள ஓர்லி விமான நிலையத்துக்கு மாற வேண்டியிருக்கும். அப்படி வெளியே வருவதால் ஷெங்கன் விசாவும் வேண்டும், கடல்கடந்த மாவட்டத்துக்குச் செல்லத்தக்க அனுமதியும் வேண்டும். தீவுக்குப் போகும்போது ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைவீர்கள் என்பதால் பலமுறை நுழைவுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் இரண்டு இடங்களையும் தெளிவாகக் குறிப்பிட்டு, இரண்டு விமானச் சீட்டுகளின் முன்பதிவையும் இணைக்க வேண்டும். கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் எந்த நிலப்பரப்புக்குச் செல்லும் என்று ஒட்டியிருக்கும் தாளில் படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். படிக்காமல் போய் ஓர்லியில் நின்றுவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

உங்கள் திருமணம் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுக் குடும்பப் புத்தகம் கையில் இருந்தால், பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி என்ற முறையில் விண்ணப்பிக்கலாம், வேலை எளிதாகும். நம்மூர்ப் பதிவு அலுவலகச் சான்று மட்டுமே இருந்தால், பதிவேட்டில் ஏற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள், அதற்கு மாதங்கள் ஆகும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.


லாஸ்பேட்டை பழைய சொல்தா:

அம்மா, உன் கணவருடைய தாத்தாவைப் போலவே நானும் பிரெஞ்சுப் படையில் இருந்தவன். மார்தினிக்கில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதுதான், 1989 செப்டம்பரில் ஊகோ புயல் குவாதலூப்பைத் தாக்கியது. ‘தானே’ புயல் அடித்த மறுநாள் கடலூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தீவின் நினைவுதான் வந்தது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரில் சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் போய்விடாதீர்கள்.

கார் இல்லாமல் முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. புவான்த்-அ-பித்ர் நகரில் பெர்ழெவேன் பேருந்து நிலையத்திலிருந்து பாஸ்-தேர் பக்கம் எல்லாம் வண்டிகள் போகின்றன. சில யூரோவில் தீவின் மறுகோடிக்குப் போய்விடலாம், அருகில் உட்காரும் பாட்டியிடம் நான்கு கதையும் கேட்கலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பேருந்தில் ஏறினாலும், கடைக்குள் நுழைந்தாலும், வழி கேட்டாலும், முதலில் போன்ழூர் என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அதைச் சொல்லாமல் விலை கேட்பவனை அங்கே மனிதனாக மதிக்கமாட்டார்கள். வணக்கம் சொல்லிவிட்டால் நெடுநாள் தெரிந்தவர்போலப் பேசுவார்கள்.

உங்கள் வீட்டு உறவினரைப் பற்றி எழுதியிருந்தாய். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போனார்கள். முதல் கப்பலான ஓரேலி 1854 டிசம்பரில் குவாதலூப்பை அடைந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 42,000 பேர் அந்த ஒரு தீவுக்கு மட்டும் போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் மிகப் பலர். அவர்கள் வழிவந்தவர்களுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் வேப்பிலையை வெப்பெலே என்றுதான் சொல்வார்கள். கறிமசாலாவுக்கு அங்கே கொலம்போ என்று பெயர். ஆட்டுக்கறிக் கொலம்போ அந்தத் தீவின் விருந்துச் சாப்பாடு. உனக்கு இறைச்சி ஆகாது என்பதால் மீன் கொலம்போ கேட்டு வாங்கிச் சாப்பிடு, நம் வீட்டுக் குழம்பின் தூரத்து உறவு என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

தோட்டங்கள் மிகுந்திருந்தது அட்லாண்டிக் பக்கம், கபெஸ்தேர் ஊரைச் சுற்றி. அங்கே சாங்கி என்னும் இடத்தில் சாலையோரமாகவே வெள்ளைக் கோபுரத்தோடு மாரியம்மன் கோயில் நிற்கிறது. உங்கள் மேற்குக் கரையிலிருந்து ஒரு நாள் போய்வந்தால் போதும். தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரம் அந்த ஊரில் பிறந்தவர்தான். இதைப் பார்த்துவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும் என்பது என் எண்ணம், கிழவன் பேச்சு என்று தள்ளிவிடாதே.


முத்தியால்பேட்டை இருவர், புதுச்சேரி:

ஐயா சொல்வதை மறுக்க மனம் வரவில்லை. பேருந்து ஓடும் நேரத்தில் அது நல்ல பேருந்துதான். ஆனால் சனிக்கிழமை பிற்பகலிலிருந்து வண்டிகள் குறைந்துகொண்டே வந்து, ஞாயிறன்று மேற்குக் கரையில் ஏறக்குறைய ஒன்றுமே இருப்பதில்லை. மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்கு முன்பே கடைசி வண்டி போயிருக்கும். வாடகை குறைந்த வீடுகளோ நெடுஞ்சாலையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேட்டில் இருக்கின்றன. அந்தக் கரையிலிருந்து தீவின் நடுவே காட்டைக் கடந்து போகும் மலைப்பாதையும், இறால் அருவி என்று அழைக்கப்படும் அருவியும் பேருந்தில் போய்ப் பார்க்க வசதியான இடங்கள் அல்ல. ஆகவே நடுவழி ஒன்று சொல்கிறேன். பதினான்கு நாட்களுக்கும் கார் எடுக்காதீர்கள். தெஷேயில் இருக்கும்போது கடற்கரை, கடை, படகுத்துறை அனைத்தும் நடை தூரத்தில் அமையும்படி வீடு பார்த்துக்கொண்டு அந்த ஐந்து நாட்களைக் கார் இல்லாமல் கழியுங்கள்; புயாந்துக்கு மாறும் நாளில் எடுத்து, விமான நிலையத்தில் திருப்பிக் கொடுங்கள். எங்களுக்கு நாளுக்கு 35 யூரோ ஆனது. பெட்ரோல் விலையை அரசே மாதந்தோறும் நிர்ணயிப்பதால் எந்த நிலையத்தில் போட்டாலும் ஒரே விலை.

வாடகை நிறுவனத்தில் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஈட்டுத்தொகையை ஓட்டுநரின் பெயரில் உள்ள கடன் அட்டையில்தான் நிறுத்திவைப்பார்கள். கடன் அட்டை என் பெயரில், ஓட்டுநர் உரிமம் கணவர் பெயரில். அவரிடம் இருந்தது பற்று அட்டை. கவுண்டரில் ஒன்றரை மணி நேரம் வாதாடியும் பயனில்லாமல், அவர்கள் விற்ற கூடுதல் காப்பீட்டை நாளுக்கு 18 யூரோ கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. கையைச் சுட்டுக்கொண்டது அந்த ஒரு செலவில்தான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் இங்கேயே போக்குவரத்து அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மேற்குக் கரைச் சாலை வளைந்து வளைந்து போகும்.


கெடிலக்கரை, கடலூர்:

மூவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னதைப் படித்த பிறகு கணவர் மார்தினிக்கைக் கைவிட்டுவிட்டார். முதல் நாளே கபெஸ்தேர் போக வேண்டும் என்கிறார். பயணத்தை நவம்பர் இறுதிக்கு மாற்றிவிட்டோம். கடன் அட்டைக்கு இன்றே அவர் பெயரில் விண்ணப்பித்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்விகள். வீடு பிடிக்கும்போது வாடகையைத் தவிர வேறு எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? கட்டணமில்லாமல் பார்க்கத்தக்கவை வேறு எவை?


முத்தியால்பேட்டை இருவர், புதுச்சேரி:

முதலில் தண்ணீர். குழாய்கள் பழையவையாகிக் கசிவதால் குவாதலூப்பில் பல ஊர்களில் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். சில நாட்கள் வராமலும் போகும். சித்தேர்ன், அதாவது தண்ணீர்த் தொட்டி, இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். நமக்கு இது புதிதல்ல என்றாலும், நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு வாளியில் பிடித்துவைப்பது எரிச்சலாக இருக்கும். அடுத்து, படுக்கைக்குக் கொசுவலை உண்டா என்று கேளுங்கள், அங்கேயும் டெங்கு உண்டு. குளிர்பதனம் தேவைப்படவில்லை, மேட்டு வீடுகளில் இரவுக் காற்றே போதும்.

கடற்கரைகள் அனைத்தும் பொதுச்சொத்து, எங்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. தெஷேக்குப் பக்கத்தில் உள்ள கிராந்த் ஆன்ஸ் நீளமானது, அழகானது. சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். மஞ்சள் குளியல் என்ற வெந்நீர்த் தொட்டியிலிருந்து நடக்கத் தொடங்கினால் போய்வர மூன்று நான்கு மணி நேரம். காலை ஏழு மணிக்கு முன் தொடங்குங்கள். பிறகு மேகம் மூடி எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. இறங்கி வந்ததும் அந்தத் தொட்டியில் காலை நீட்டி உட்கார்ந்தால் வலி போய்விடும், அதற்கும் காசு இல்லை. பணம் கொடுத்துப் போனது லெ சேந்த் தீவுக்கு மட்டும். புவான்த்-அ-பித்ரிலிருந்து ஏறாமல் தெற்குமுனையில் உள்ள த்ருவா-ரிவியேரிலிருந்து ஏறுங்கள், கடல் தூரம் குறைவு, வாந்தியும் குறைவு.

எச்சரிக்கை இரண்டு. வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து பாஸ்-தேரின் தென்பகுதி மண்ணிலும் ஆறுகளிலும் இன்னும் தங்கியிருக்கிறது. ஆற்றில் பிடித்த மீனையும் இறாலையும், வழியில் யாராவது தோண்டிக் கொடுக்கும் கிழங்கையும் தவிர்த்து, சந்தையில் வாங்குங்கள். மற்றொன்று, கடற்கரையில் மான்சனியே என்று ஒரு மரம். சிறு பச்சை ஆப்பிள் போலப் பழம் உதிர்ந்து கிடக்கும், மணக்கவும் செய்யும். பழம், இலை, பால் எல்லாமே நஞ்சு. மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் சொட்டும் நீரிலேயே தோல் வெந்துவிடும். தண்டில் சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள், எல்லா மரத்திலும் அந்தப் பூச்சு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சாம்பார்ப் பொடியும் அப்பளமும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். நெய், பால் இனிப்பு, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சுங்கத்தில் பறித்துக்கொள்வார்கள். திரும்பும் விமானம் இரவில் கிளம்பிக் காலையில் பாரிசில் இறங்கும்; டிசம்பர் குளிர், கம்பளிச்சட்டையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓர்லியில் நாங்கள் நடுங்கியதுபோல் நடுங்காமல், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.